பதினேழாம் கேள்வியின் மூத்த மகள்

1

தப்பு என் மேல்தான். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. தவிர, நிஜத்தில் இதைச் சொல்ல எனக்கு நாலு நாள் பிடித்தது. கதையிலாவது சீக்கிரம் சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சுமே என்ற நப்பாசை.

நான் உயிரியல் வாத்தியார். கேள்வித்தாள் ஒரே காகிதத்தின் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பது எங்கள் பள்ளிக்கூடச் சட்டம். என்னுடையது அடங்கவில்லை. கடைசி வரியான ‘அனைவருக்கும் வெற்றி வாழ்த்துகள்’ மூன்றாம் பக்கத்தில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டது. எங்காவது ஒரு வார்த்தையைக் குறைத்தால் ஒரு வரி மேலே ஏறும். பதினேழாம் கேள்வியில் ஒரு வார்த்தை வரி தாண்டி அடுத்த வரிக்கு வழிந்திருந்தது. கேள்வி இதுதான்:

*17. ஒரு நோய்க்குக் காரணமான மரபணுவைத் தாயும் தந்தையும் ஆளுக்கு ஒன்று சுமக்கிறார்கள். இருவருக்கும் நோய் இல்லை. அவர்களுடைய நோயற்ற மூத்த மகள் அந்த மரபணுவைச் சுமப்பவளாக இருக்க வாய்ப்பு ______.*

‘நோயற்ற’ என்பதை எடுத்தேன். வரி ஏறிவிட்டது. வாழ்த்தும் பக்கத்துக்குள் வந்துவிட்டது. கேள்வியைக் கொன்றுவிட்டு வாழ்த்தைக் காப்பாற்றிய உலகின் முதல் வாத்தியார் நானாகத்தான் இருப்பேன்.

விடைக்குறிப்பில் மட்டும் பழைய விடையே இருந்தது. மூன்றில் இரண்டு.

(மரபியல் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். மூன்றாம் பகுதியில் பிள்ளைகள் சண்டை போடும்போது தானாகவே புரிந்துவிடும். என் வகுப்பிலும் அப்படித்தான்.)

2

எப்படித் தொடங்குவது என்று இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். கழித்ததை எல்லாம் கீழே கொடுத்திருக்கிறேன். தூக்கிப்போட மனசு வரவில்லை.

தொடக்கம் ஒன்று: “தேர்வு முடிந்த மணி அடித்தபோது வானம் இருண்டு, ஏதோ நடக்கப்போவதை—” வானத்துக்கும் பதினேழாம் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: “அவளுடைய தம்பி பிறந்ததிலிருந்தே படுக்கையில்தான்—” இது ஓடும் என்று நினைத்தேன். கதாநாயகி என் மாணவி ஒருத்தி. என் கற்பனையில் அவள் தம்பிக்கு அந்த நோய். அக்காவுக்கு இல்லை. அதனால் அந்தக் கணக்கு அவளுக்கு மட்டும் மனப்பாடம். படிப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டாம் பத்தியில் தம்பிக்கு மருந்து கிடைத்தது, மூன்றாம் பத்தியில் எழுந்து உட்கார்ந்தான், ஐந்தாம் பத்தியில் சைக்கிள் ஓட்டினான். இப்படி ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு சோகக் கதை எழுத முடியுமா? அடித்துவிட்டேன். (வாக்கியத்தைத்தான்.)

தொடக்கம் மூன்று: “லிஃப்ட் பழுதுபார்க்கும் அவளுடைய அப்பா, அன்று ஏழாவது மாடியிலிருந்து—” இடுப்பில் பெல்ட் போட்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

முதல் வாசகி என் மனைவி. வீட்டில் நான், அவள், ஒரு மீன்தொட்டி, அவ்வளவுதான். மூன்றையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்தாள்.

“எப்பதான் கதைய ஆரம்பிக்கப் போறீங்க?”

“இது மீபுனைவு. கதை எழுதறதப் பத்தியே ஒரு கதை. ஆரம்பிக்காம இருக்கறதே ஆரம்பம்.”

“அப்ப மீனுக்கு இரை போட்டுட்டு வந்து ஆரம்பிங்க.”

3

போட்டுவிட்டேன். ஆரம்பிக்கிறேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் மாடிப்படி, அதன் அடியில் ஒரு தண்ணீர்க் குழாய். தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கூடும் இடம் அதுதான். அந்தப் பெண் குழாயைத் திறந்து, இரண்டு கையையும் சேர்த்து நீரைப் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டாள். வகுப்பில் அவளுக்கு ‘ஜன்னல்’ என்று பெயர். ஜன்னலோரம் உட்காருவாள், ஜன்னல் மாதிரியே சத்தம் போடாமல் எல்லாவற்றையும் பார்ப்பாள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மூன்று மணி நேரத்துப் புழுக்கம் கழுத்து வழியாக இறங்கிப் போனது அவளுக்குச் சுகமாக இருந்தது.

“பதினேழு?” என்றான் முதல்மார்க். அவன் ‘எப்படி எழுதினே’ என்று கேட்கிற ரகமில்லை. எண்ணைச் சொல்வான், எதிரில் இருப்பவர் விடையை ஒப்புவிக்க வேண்டும்.

“முக்கால்,” என்றாள் வக்கீல். (எந்தக் கோர்ட்டுக்கும் போனதில்லை. தேவையும் இல்லை. அவள் நிற்கிற இடம் கோர்ட்.)

“லூசு. அரை.”

“நாலு கட்டம் போடுடா. ஒரு கட்டத்துல மட்டும்தான் அந்த மரபணு இல்ல. மீதி மூணுலயும் இருக்கு. முக்கால்.”

“அந்த மூணுல ஒண்ணு நோயாளி. நோயாளிய சுமக்கறவன்னு சொல்லமாட்டாங்க. சுமக்கறவன்னா ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கணும், நோய் இருக்கக் கூடாது. அது ரெண்டு கட்டம். நாலுல ரெண்டு, அரை.”

“ஏன், நோயாளி சுமக்கலையா? அவ ரெண்டு சுமக்கறா, பாவம். ஒண்ணு தூக்கினா சுமை, ரெண்டு தூக்கினா சுமை இல்லையா? இது எந்த ஊரு நியாயம்?”

“நியாயமில்லடி, உயிரியல். புத்தகத்துல போட்டிருக்கு.”

“புத்தகத்துல போட்டா கேள்வியிலயும் போடணும். நாலுகட்டம் போடலையே! அரைகுறையா கேட்டா நான் முக்காலாதான் சொல்வேன்.”

(‘நாலுகட்டம்’ என்பது நான்தான். கரும்பலகையில் எதைக் கேட்டாலும் நாலு கட்டம் போடுவதால் வந்த பெயர். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.)

“நான் கடவுளுக்கே வெளிச்சம்னு எழுதிட்டேன்,” என்றான் கொட்டாவி, ஒரு கொட்டாவியோடு.

“நீ என்னடி போட்டே?” என்று வக்கீல் ஜன்னலிடம் திரும்பினாள். சாட்சி தேடுகிற திரும்பல்.

ஜன்னல் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “மூணுல ரெண்டு,” என்றாள்.

குழாய் சொட்டுவது கேட்டது.

“நாலு கட்டத்துல மூணு எங்கேர்ந்து வந்துச்சு?” என்றான் முதல்மார்க்.

“நோய் இல்லாத பொண்ணுன்னா நோயாளிக் கட்டத்த அடிச்சிடணும். மீதி மூணு. அதுல ரெண்டு.”

“நோய் இல்லாத பொண்ணுன்னு யாரு சொன்னா? கேள்வியில இல்லையே!”

“இல்ல,” என்று ஒத்துக்கொண்டாள் ஜன்னல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

இப்போது கேமராவைக் கொஞ்சம் திருப்பவும். குழாய்க்கு நேர் மேலே ஒரு நிஜ ஜன்னல். அது ஆய்வுக்கூடத்தின் சாமான் அறை. அங்கே ஃபார்மலின் ஜாடிகளுக்கு நடுவே, கையில் கேள்வித்தாளோடு, ஜாடிக்குள் இருக்கும் தவளையைப் போலவே வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

4

அப்போதே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

ஆசிரியர் அறையில் ஒரு பலகை உண்டு. அதற்குப் ‘பொருட்காட்சி’ என்று நானே பெயர் வைத்தேன். மற்ற ஆசிரியர்கள் கேள்வித்தாளில் செய்கிற தவறுகளைக் கத்தரித்து அதில் ஒட்டுவேன், கீழே ஒரு வரி விமர்சனமும் எழுதுவேன். கணக்கு வாத்தியார் ஒருமுறை, நாற்பது லிட்டர் தண்ணீர் உள்ள தொட்டியிலிருந்து ஐம்பத்தைந்து லிட்டரை எடுக்கச் சொல்லிவிட்டார். அது மூன்று வருடம் தொங்கியது. ‘வரம் வாங்கிய தொட்டி’ என்று கீழே எழுதியிருந்தேன். அவர் தினமும் அதைக் கடந்துதான் தன் நாற்காலிக்குப் போக வேண்டும்.

அவர் காத்திருந்தார். பலகையில் என் பெயருக்காக ஓர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்.

அதனால்தான் சொல்லவில்லை. பெரிய காரணமாக ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன். “மனித மனத்தின் ஆழங்களில்—” வேண்டாம். ஒரு பலகைதான் காரணம்.

5

ஒற்றை மதிப்பெண் கேள்விகளை வேறு பாடத்து ஆசிரியர் விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவது வழக்கம். எனக்கு வாய்த்தவர் வேதியியல் மேடம். சிவப்புப் பேனாவோடு பிறந்தவர்.

நாற்பத்திரண்டு தாள். பதினேழாம் கேள்விக்கு அரை என்று இருபத்தாறு பேர். முக்கால் என்று பதினொரு பேர். மூன்று பேர் காலி. ஒரு கடவுள். மூன்றில் இரண்டு என்று ஒரே ஒருத்தி.

“விசித்திரமா இருக்கு சார்,” என்று தாளை என் முன்னால் வைத்தார். “கேள்விய நானும் போட்டுப் பார்த்தேன். அரைதான் வருது. ரொம்ப வாதம் பண்ணினா முக்கால். உங்க குறிப்புல மூணுல ரெண்டு. குறிப்பு தப்பு சார். அந்தத் தப்பு ஒரே ஒருத்திக்கு எப்படித் தெரிஞ்சுது?”

நான் என் மேஜையைத் திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் தேர்வுக்கு முந்தின நாள் நானேதான் அவளிடம், “இந்த ரெக்கார்டு நோட்டு எல்லாத்தையும் எம்மேஜைல வெச்சிட்டுப் போம்மா,” என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அன்று விடைக்குறிப்பு எங்கே இருந்தது? பெட்டிக்குள்ளா, மேஜை மேலா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் ஒரு எழுத்தாளனாக எனக்குச் சிக்கல். என் கதாபாத்திரம் என் மேஜையிலிருந்து பார்த்து எழுதினாளா இல்லையா என்பது எனக்கே தெரியவில்லை. மற்ற எழுத்தாளர்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

6

தலைமையாசிரியை அறை. வேதியியல் மேடத்தின் புகார்க் கடிதம் மேஜை மேல். பார்த்து எழுதியது உறுதியானால் உயிரியல் தாள் ரத்து. தாள் ரத்தானால் பொதுத்தேர்வுக்கு அனுப்பமாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும். ஒரு வார்த்தை குறைந்ததற்கு ஒரு வருடம்.

“ஏன்மா மூணுல ரெண்டு போட்டே?”

“தோணுச்சு மேடம், போட்டேன்.”

“எப்படித் தோணுச்சு?”

“அப்படித்தான் மேடம்.”

நின்றவளுக்குக் கண் கலங்கவில்லை. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. குற்றவாளி என்றால் அழ வேண்டும், நிரபராதி என்றால் இன்னும் அதிகமாக அழ வேண்டும் என்று நாங்கள் ஆசிரியர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

அவளுடைய அப்பா வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், தோளில் கருவிப் பை. வெளியே காத்திருந்த நேரத்தில் தலைமையாசிரியை அறைக் கதவு கிறீச்சிடுவதைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தார். உள்ளே கூப்பிட்டதும் சத்தமே இல்லாமல் கதவு திறந்ததில் தலைமையாசிரியை கொஞ்சம் பயந்துவிட்டார்.

“எம்பொண்ணு பார்த்து எழுதறவ இல்லீங்க,” என்றார் அப்பா. “பார்த்து எழுதறவளா இருந்தா கணக்குல பாஸாயிருப்பாளே.”

அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட ஒரே தர்க்கரீதியான வாக்கியம் அதுதான். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நான் உட்பட. நான் மூலையில் உட்கார்ந்து என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரே ஒருமுறை என் பக்கம் பார்த்தாள். கோபம் இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் சாலையைப் பார்ப்பார்களே, அப்படி.

முடிவு நாலு நாள் கழித்து என்று தலைமையாசிரியை சொன்னார்.

7

முடிவு என்றதும் ஞாபகம் வருகிறது. கதைக்கு ஒன்று வேண்டுமே. பின்வருவனவற்றுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கவும்:

(அ) வாத்தியார் பேசவில்லை. அவள் ஒரு வருடத்தை இழக்கிறாள். பல வருடம் கழித்து ஒரு மருத்துவமனையில், வெள்ளைக் கோட்டில்— (எழுத முடியவில்லை. கை ஓடவில்லை. அந்த ஒரு வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?)

(ஆ) அவள் பார்த்துத்தான் எழுதினாள். அழுதபடி ஒப்புக்கொள்கிறாள். வாத்தியார் மன்னிக்கிறார். (தப்பு செய்தவனே மன்னிக்கிற கதை. எழுதும்போதே காது சிவந்தது.)

(இ) பள்ளிக்கூடம் தீப்பிடித்து எல்லாத் தாளும் எரிந்துவிடுகிறது. (யாருக்கும் காயமில்லை. ஆய்வுக்கூட முயல்கள் முன்பே வெளியே கொண்டுபோகப்பட்டிருந்தன.)

(ஈ) மேற்கண்ட எதுவுமில்லை.

தொடக்கம் கிடைக்கும் முன்பே, அந்த நாலு நாளிலேயே எழுதிப் பார்த்த முடிவுகள் இவை. மனைவி மூன்றையும் படித்தாள். “ஒரு வார்த்தைய எடுத்தது நான்னு போய்ச் சொல்லுங்க. கதைய அப்புறம் பார்த்துக்கலாம்,” என்றாள்.

“சிரிப்பாங்க.”

“நீங்க மட்டும் மூணு வருஷம் சிரிக்கலையா?”

மீன்கள்கூட என் பக்கம் இல்லை.

8

நாலாம் நாள் சொன்னேன். அதே அறை. அதே எண்ணெய் விட்ட கதவு. தலைமையாசிரியை, வேதியியல் மேடம், அவள், அப்பா. கணக்கு வாத்தியாருக்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் ஏதோ கோப்பைத் தேடிக்கொண்டு அலமாரிப் பக்கம் நின்றார்.

“‘நோயற்ற’ங்கற வார்த்தைய நான்தான் எடுத்தேன் மேடம். வாழ்த்துக்கு இடம் வேணும்னு. குறிப்ப மாத்த மறந்துட்டேன்.”

கணக்கு வாத்தியார் முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல ஒரு வெளிச்சம். அவர் ஏற்கெனவே கத்தரிக்கோலை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் மார்பை நிமிர்த்தினேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், அவள் தப்பித்தாள் என்று. என் கதைகளில் உண்மையைச் சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும்.

வேதியியல் மேடம் சிவப்புப் பேனாவை மூடினார். “அப்ப இன்னும் மோசம் சார். பேப்பர்ல அந்த வார்த்தையே இல்ல. அது இல்லாம மூணுல ரெண்டு வரவே வராது. குறிப்பப் பார்த்தவங்களுக்கு மட்டும்தான் வரும்.”

கயிற்றை அவிழ்க்கப் போய் நானே இன்னொரு முடிச்சுப் போட்டிருந்தேன். அப்பா பையின் வாரை இறுக்கிப் பிடித்தார்.

தலைமையாசிரியை அவளைப் பார்த்தார். “நம்பற மாதிரி ஒரு காரணம் சொல்லும்மா. சொன்னா இதை இங்கேயே கிழிச்சுப் போட்டுடறேன்.”

அவள் தலைமையாசிரியையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“இப்ப சொல்லலாமா சார்?”

“எதை?”

“வார்த்தை விட்டுப் போச்சுன்னு அன்னிக்கே தெரியும் சார். நான் காரணம் சொன்னா அது வெளிய வந்துடும். அத நீங்கதானே சொல்லணும்.”

நான் தலையாட்டினேனா, தலை தானாக ஆடியதா, தெரியாது. அவள் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். என் பழைய கேள்வித்தாள்கள், ஒன்பது வருடத்தவை. முன்பு படித்தவர்களிடம் வாங்கிச் சேர்த்து நூல் போட்டுத் தைத்திருந்தாள்.

“மேடம், சார் எல்லா வருஷமும் ஒரு குடும்பத்த வெச்சுக் கேள்வி கேப்பாரு. எல்லாத்துலயும் ஒரு மூத்த மக இருக்கா. இந்தத் தாள்ல பாருங்க, தம்பிக்கு நிறக்குருடு, மக பஸ் ஓட்டறா. இதுல மாமாவுக்கு ரத்தம் உறையாது, மக நீச்சல் பழகறா. இதுல குடும்பத்துல பாதிப் பேருக்கு நோய், மகளுக்கு மட்டும் ‘நல்ல உடல்நலம் உள்ள’ன்னு போட்டிருக்கு. கணக்குக்குத் தேவையே இல்ல மேடம், சும்மா போட்டிருக்காரு.”

அலமாரிப் பக்கத்தில் கோப்பு தேடுவது நின்றிருந்தது.

“இதான் மேடம் முக்கியம்.” ஒரு தாளைத் திருப்பினாள். “இதுல அம்மா, அப்பா ரெண்டு பேருக்குமே நோய். பொறக்கற பிள்ளைங்க எல்லாருக்கும் வந்தே ஆகணும், வேற வழியே இல்ல. சார் என்ன பண்ணியிருக்காரு பாருங்க. ‘இத்தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை எனக் கொள்க’ன்னு எழுதிட்டு, அடுத்த வரியில முயலுக்குப் போயிட்டாரு.”

வேதியியல் மேடம் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பத்து வருடமாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம், அப்படி அவர் என்னைப் பார்த்ததில்லை. தலைமையாசிரியை சிரிப்பை அடக்க ஒரு கோப்பை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது.

“அதான் மேடம் மூணுல ரெண்டு,” என்றாள் அவள். “சாரால அந்தப் பொண்ணுக்கு நோய் குடுக்க முடியாது.”

கடிதம் கிழியும் சத்தம் கேட்டது. இரண்டாக, பிறகு நாலாக. நாலு கட்டம்.

9

இங்கே நிறுத்தியிருக்கலாம். வாசகரே, நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம், கதை உங்களுடையது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இதற்குள் நீங்கள் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய், நான் கழித்த தொடக்கங்களை எல்லாம் மறுபடியும் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதும் தெரியும். நானும் அதைத்தான் செய்தேன். தம்பி இன்னும் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

பொருட்காட்சிப் பலகையில் என் பதினேழாம் கேள்வி ஒட்டப்பட்டுவிட்டது. கீழே கணக்கு வாத்தியாரின் விமர்சனம் இருக்கும் என்று தயங்கித் தயங்கிப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை. விட்டுப்போன வார்த்தையை மட்டும் அது இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே பென்சிலால் எழுதிவைத்திருந்தார். நான் போய் அவருடைய தொட்டிக் கணக்கைப் பலகையிலிருந்து கழற்றி அவரிடம் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் மாடிப்படிக்கு அடியில் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மேலே நின்று கேட்காமல் இந்தத் தடவை கீழே இறங்கிப் போனேன். வக்கீல் கொஞ்ச தூரத்தில் யாரோடோ வேறு கேள்விக்கு வாதாடிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லணும்,” என்றேன்.

“கேளுங்க சார்.”

“நான் வாயே திறக்கலன்னா? உனக்கு ஒரு வருஷம் போயிருக்கும். பயமா இல்லையா?”

குழாயை மூடினாள். சொட்டிக்கொண்டிருந்ததை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். அப்பாவின் கை.

“இல்ல சார். நீங்க வந்து சொல்லுவீங்கன்னு தெரியும்,” என்றாள். “நாலு நாள் ஆகும்னுதான் தெரியல.”